ஷட்டில்காக்: ஒரு சொல்லின் போக்கும் வரவும்

1

இறகுப்பந்து என்ற சொல்லை ஆக்கியவர் அந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். அது பறந்தபோது பார்க்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. கையில் இருக்கும்போது இறகு தெரிகிறது. ஆடுகளத்தில் பந்து செய்யவேண்டிய வேலையை அது செய்வதும் தெரிகிறது. இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்தாயிற்று. பாடப் புத்தகமும் செய்தித்தாளும் ஏற்றுக்கொண்டும் ஆயிற்று. ஆனால் இதே பொருளுக்கு ஆங்கிலத்தில் உள்ள ஷட்டில்காக் என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் பழைய அர்த்தங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு போனால், நம்முடைய சொல் எதை விட்டுவிட்டது என்பது துலங்குகிறது. இந்தக் கட்டுரை அந்தச் சொல்லின் சரித்திரம் பற்றியது. விளையாட்டின் சரித்திரம் அதற்குத் தேவையான அளவுக்கு மட்டும் வரும்.

முதலில் பொருளைப் பார்த்துக்கொள்வோம். அடியில் அரைக்கோளமாக ஒரு கார்க். அதன்மேல் இழுத்து ஒட்டிய மெல்லிய தோல். கார்க்கின் தட்டையான பக்கத்தில் வட்டமாகச் செருகிய 16 இறகுகள். வாத்து இனப் பறவைகளின் இறகுகள் இவை. ஒன்றின்மேல் ஒன்று ஒரே சீராகப் படிய வேண்டும் என்பதால் 16 இறகுகளும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து எடுக்கப்படுகின்றன. வலது சிறகும் இடது சிறகும் கலந்தால் சுழற்சி கெட்டுவிடும். மொத்த எடை 4.74 கிராமிலிருந்து 5.50 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்பது ஆட்ட விதி.

பந்துக்கு முன், பின் கிடையாது. எந்தப் பக்கம் அடித்தாலும், எப்படி உருண்டாலும் அது பந்துதான். ஷட்டில்காக்குக்கு முன்னும் பின்னும் உண்டு. மட்டை கார்க்கில் பட்டதும் அது அந்தரத்தில் ஒருமுறை புரண்டுகொள்கிறது. கார்க் முன்னே, இறகுகள் பின்னே என்றாகிப் பறக்கிறது. எதிராளி திருப்பி அடித்ததும் மறுபடியும் புரள்கிறது. கனமான தலை முன்னால் போக, இறகுள்ள வால் திசையை நேராக்கிக்கொண்டு பின்னால் போவது பந்தின் இயல்பு அல்ல. அது அம்பின் இயல்பு. ஆங்கிலச் சொல்லின் ஆக அடியில் கிடப்பதும் அம்புதான்.

2

ஷட்டில்காக் என்ற சொல் விக்டோரியா மகாராணி காலத்தில் பேட்மின்டனோடு சேர்ந்து பிறந்தது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இது தவறு. 16ஆம் நூற்றாண்டிலேயே அந்தச் சொல் புழக்கத்தில் இருந்தது. ஷட்டில்காக் என்றும் ஷிட்டில்காக் என்றும் எழுதினார்கள். பேட்மின்டன் என்ற ஆட்டத்தைவிட அதன் கருவியின் பெயர் சுமார் மூன்று நூற்றாண்டு மூத்தது.

சொல்லின் முதல் பாதியான ஷட்டில் இன்னும் பழையது. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலவடிவத்துக்கு எறியப்படும் ஆயுதம், அம்பு என்று அர்த்தம். வடக்கே ஸ்காண்டிநேவியப் பழமொழியில் உள்ள அதன் உறவுச்சொல் மீனையும் திமிங்கிலத்தையும் எறிந்து பிடிக்கும் எறியுளியைக் குறித்தது. இன்றைய ஆங்கிலத்தில் எய்வதற்கும் சுடுவதற்கும் உள்ள ‘ஷூட்’ என்ற வினை இதே குடும்பம். கதவைச் சாத்துவதற்கான ‘ஷட்’ என்ற வினையும் இதே குடும்பம்தான். தாழ்ப்பாளைத் துளைக்குள் விரைவாகத் தள்ளுவதிலிருந்து அது வந்தது. ஒரு திசையில் சட்டென்று பாய்ந்து போய்ச் சேர்வது என்பதுதான் இந்தக் குடும்பத்துச் சொற்களின் பொது அனுபவம்.

அம்பு என்ற அர்த்தம் வழக்கொழிந்தது. 14ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்தச் சொல் தறியில் மறுபடியும் தென்படுகிறது. பாவு நூல்களுக்கு நடுவே ஊடை நூலைச் சுமந்துகொண்டு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பாயும் கருவிக்கு அது பெயராகிறது. எய்யப்படுவதுபோல் பாய்வதால் அந்தப் பெயர். தமிழ் நெசவாளர் நாடா என்று சொல்வது இதைத்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். இதே கருவியை வேறு மொழிகள் வேறு விதமாகப் பார்த்தன. பிரெஞ்சில் அதன் பெயர் ‘நவெத்’. சின்னப் படகு என்று அர்த்தம். ஜெர்மனில் நெசவாளியின் குட்டிக் கப்பல் என்று பெயர். தமிழிலும் ஓடம் என்ற சொல்லுக்குத் தோணி என்ற பொருளோடு நெசவு நாடா என்ற பொருளையும் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி பதிவுசெய்திருக்கிறது. ஒருவரையொருவர் பார்க்காத மூன்று நாட்டு நெசவாளர்கள் ஒரே காட்சியைக் கண்டிருக்கிறார்கள். கருவியின் இரு முனையும் கூர்ந்திருக்கும் வடிவமும், அக்கரைக்குப் போய்ச் சரக்கை இறக்கிவிட்டு இக்கரைக்குத் திரும்பும் தொழிலும் அவர்களுக்குப் படகை நினைவூட்டின.

ஆங்கிலம் மட்டும் அதை அம்பாகப் பார்த்தது. அம்புக்கும் படகுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. படகு திரும்பி வரும். அம்பு வராது. திரும்பி வராத ஒன்றின் பெயரைத் திரும்பி வருவதையே தொழிலாகக் கொண்ட ஒரு கருவிக்கு ஆங்கிலம் வைத்தது. பெயர் மாறவில்லை, ஆனால் தறியில் கிடந்து கிடந்து அதன் அர்த்தம் மாறிவிட்டது. பாய்தல் என்பது மங்கிப்போய், போய்வருதல் என்பது மேலே வந்துவிட்டது. இரண்டு ஊர்களுக்கு நடுவே மாறி மாறி ஓடும் ரயிலை ஷட்டில் வண்டி என்று சொல்வதும், 1973ஆம் ஆண்டுப் போருக்குப் பிறகு கிஸ்ஸிஞ்ஜர் மத்தியக் கிழக்குத் தலைநகரங்களுக்கு நடுவே பறந்துகொண்டிருந்ததை ஷட்டில் ராஜதந்திரம் என்று சொன்னதும், 1981லிருந்து 2011 வரை விண்வெளிக்குப் போய்வந்துகொண்டிருந்த ஓடத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் தறியின் வழியாகத்தான். அந்தக் கடைசிச் சொல்லைத் தமிழாக்கியவர்கள் விண்வெளி ஓடம் என்றார்கள். தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, மிகச் சரியான சொல்.

ஷட்டில்காக்கும் இந்த இரண்டாவது அர்த்தத்திலிருந்து பிறந்ததுதான். இருவருக்கு நடுவே நாடா மாதிரிப் போய்வருவது என்பதே அதன் முதல் பாதியின் பொருள். அம்பு நேரடியாக அதற்குள் வரவில்லை. ஆனால் பறக்கும் விதத்தில் அம்பின் விதியையே அது பின்பற்றுகிறது என்பதை மேலே பார்த்தோம். சொல்லுக்குள் புதைந்து மறந்துபோன அர்த்தம் பொருளின் அமைப்பில் திரும்ப வந்து நிற்கிறது. இது தற்செயல்தான். ஆனாலும் இந்தத் தற்செயலுக்கு இடம் கொடுக்கிற அளவுக்குச் சொல் ஆழமாக இருந்திருக்கிறது.

3

இரண்டாம் பாதியான ‘காக்’ சேவல். இறகு செருகிய கார்க்கைப் பார்த்தவர்களுக்குக் கொண்டையும் வாலும் உள்ள ஒரு பறவை ஞாபகம் வந்திருக்கிறது. இதில் சிக்கல் ஒன்றும் இல்லை. ஆனால் 1755ல் அகராதி வெளியிட்ட டாக்டர் ஜான்ஸனுக்கு இதில் சந்தேகம் வந்தது. ஷிட்டில்காக் என்ற பதிவின் கீழ், தமக்கு முந்தைய ஆராய்ச்சியாளர் ஒருவர் இறகு காரணமாகச் சேவல் என்ற பெயர் வந்ததாகக் கருதியதைக் குறிப்பிட்டுவிட்டு, ஜான்ஸன் தம் ஹேஷ்யம் ஒன்றைச் சேர்க்கிறார். இது ஒருவேளை ஷட்டில்கார்க் என்பதாக இருந்திருக்கலாம். வேகவேகமாகச் சொல்லிச் சொல்லி கார்க் என்பது காக் என்று தேய்ந்திருக்கலாம் என்பது அவர் கருத்து.

சான்றுகள் ஜான்ஸனுக்கு எதிராகவே இருக்கின்றன. தொடக்ககால வடிவங்களில் இருப்பது சேவல்தான். கார்க் என்ற வடிவம் பிற்பாடு, காரணம் தேடியவர்களால் நுழைக்கப்பட்டது. ஆகவே அகராதிக்காரரின் ஊகம் தவறு என்று முடித்துவிடலாம்.

ஆனால் தமிழ்நாட்டு ஆடுகளத்துக்கு வந்தால் அந்தத் தவறான ஊகம் உயிரோடு உலவிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். இங்கே விளையாடுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பொருளைக் கார்க் என்றுதான் சொல்கிறார்கள். ‘கார்க் கிழிஞ்சிடுச்சு’, ‘புது கார்க் எடு’. எங்கள் வங்கியின் மனமகிழ் மன்றக் கணக்கில் செலவுச் சீட்டு எழுதும்போது ‘ஷட்டில் கார்க், 1 டப்பா’ என்றுதான் எழுதுகிறோம். தணிக்கைக்கு வருகிறவர்கள் யாரும் அதை ஆட்சேபித்ததில்லை. வங்காளத்திலும் கார்க் என்றே சொல்கிறார்கள். ஜான்ஸனைப் படித்துவிட்டு யாரும் இதைச் சொல்லவில்லை. அவர் மேஜையில் உட்கார்ந்து செய்ததை இவர்கள் மைதானத்தில் நின்று செய்திருக்கிறார்கள்.

ஆங்கிலம் படித்தவர்கள் இதைக் கொச்சை என்று திருத்துவது உண்டு. அவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கொச்சை பெரும்பாலும் சோம்பலால் வருவது. சோம்பல் எழுத்துக்களை உதிர்க்கும். ஜான்ஸன் சொன்ன தேய்வும் அந்த வகைதான்: கார்க்கிலிருந்து ஒரு ரகரம் உதிர்ந்து காக் ஆகிறது. தமிழ்நாட்டில் நடந்திருப்பது இதற்கு நேர் எதிர். காக் என்று காதில் விழுந்ததில் ஒரு ரகரத்தைச் சிரமப்பட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாக்குக்கு வேலை கூடியிருக்கிறது. சேவல் என்று கேட்டால் கையில் உள்ள பொருளில் சேவல் எதுவும் தெரியவில்லை. கார்க் என்று கேட்டால் கார்க் தெரிகிறது. அர்த்தம் இல்லாத ஒலியை அப்படியே வாங்கிக்கொள்ள மறுத்து, அதில் ஒரு அர்த்தத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். இதை மொழியுணர்வு என்று சொல்வேன்.

4

ஷட்டில்காக்கை அடித்த மட்டைக்குப் பேட்டில்டோர் என்று பெயர். பேட்மின்டனுக்கு முன்பு இருந்த ஆட்டத்துக்கும் பேட்டில்டோரும் ஷட்டில்காக்கும் என்பதே பெயர். பேட்டில்டோர் 15ஆம் நூற்றாண்டில் துணி துவைக்கும் கட்டை. நம் ஊரில் துணியைக் கல்லில் அடிக்கிறோம்; அவர்கள் துணியை வைத்துவிட்டு அகலமான கைப்பிடிக் கட்டையால் அதை அடித்தார்கள். அந்த வடிவத்திலேயே இருந்ததால் ஆட்ட மட்டைக்கும் அதே பெயர் வந்தது.

இந்தப் பெயர் இன்னொரு இடத்துக்கும் போயிற்று. குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கக் கைப்பிடி வைத்த பலகை ஒன்றை இங்கிலாந்தில் பயன்படுத்தினார்கள். எழுத்துக்கள் உள்ள தாளைப் பலகையில் ஒட்டி, அழுக்குப் படாமலிருக்க மேலே கொம்பிலிருந்து சீவிய கண்ணாடி போன்ற தகட்டைப் பதித்திருப்பார்கள். அதையும் பேட்டில்டோர் என்றார்கள். 18ஆம் நூற்றாண்டில் மடித்த அட்டையில் அச்சிட்ட அரிச்சுவடிகளுக்கும் அந்தப் பெயர் நீடித்தது. எழுத்தறியாதவனைக் குறிக்க, பி என்ற எழுத்துக்கும் பேட்டில்டோருக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று ஒரு வழக்கே இருந்தது.

ஆக, அடிபடுவதன் பெயர் தறியிலிருந்து வந்திருக்கிறது. அடிப்பதன் பெயர் சலவைத் துறையிலிருந்து வந்திருக்கிறது. பிரபுக்களின் மாளிகைக் கூடங்களில் ஆடிய ஆட்டத்தின் இரண்டு சொற்களும் துணியோடு மல்லுக்கட்டிய உழைப்பாளிகளுடையவை. இந்தச் சொற்களைத் தந்தவர்களின் பெயர் சரித்திரத்தில் இல்லை. மாளிகையின் பெயர் இருக்கிறது, விளையாட்டுக்கே அதுதான் பெயராயிற்று.

1737ல் பிரெஞ்சு ஓவியர் ஷார்தேன் ஒரு சிறுமியை வரைந்தார். ஒரு கையில் மட்டை, மறு கையில் ஷட்டில்காக். ஆடி முடித்தாளா, ஆடப்போகிறாளா தெரியாது. அவள் இடுப்பிலிருந்து நாடாவில் ஒரு கத்தரிக்கோலும் ஊசி குத்திவைக்கும் சிறு பொதியும் தொங்குகின்றன. தையல் வேலைக்கு நடுவில் எழுந்து வந்தவள் என்று தோன்றுகிறது. பிரெஞ்சில் ஷட்டில்காக்குக்குப் பெயர் ‘வொலான்’, பறப்பது. பெண்கள் உடையின் ஓரத்தில் வைத்துத் தைக்கும் மடிப்புத் தொங்கலுக்கும் அதே சொல்தான். தறியைத் தொடாத பிரெஞ்சுச் சொல்லும் வேறு வழியாகத் துணியில் வந்து சேர்ந்திருப்பது வேடிக்கை.

அந்த ஆட்டம் எப்படி ஆடப்பட்டது என்பது இந்தக் கட்டுரைக்கு முக்கியம். நடுவில் வலை கிடையாது. கோடு கிடையாது. இருவர் எதிரெதிரே நின்று அது தரையில் விழாமல் எத்தனை முறை அடிக்க முடியும் என்று எண்ணுவார்கள். விழுந்தால் இருவருக்கும் தோல்வி. எண்ணிக்கை கூடினால் இருவருக்கும் வெற்றி. 1830ல் பூஃபர்ட் பிரபுவின் சாமர்செட் குடும்பத்தைச் சேர்ந்த இருவர் 2117 அடிவரை கொண்டுபோனதாக ஒரு பதிவு உண்டு. அதில் யார் ஜெயித்தார் என்று கேட்பதற்கே இடமில்லை. ஷட்டில் என்ற சொல் முழுமையாகப் பொருந்துவது இந்த ஆட்டத்துக்குத்தான். நாடாவை இந்தக் கையால் தள்ளி அந்தக் கையால் வாங்குகிற நெசவாளி தன் மறு கையைத் தோற்கடிக்க நினைப்பதில்லை.

5

வலை வந்தது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். அந்தச் சாமர்செட் குடும்பத்தின் வீடு க்ளாஸ்டர்ஷயரில் உள்ள பேட்மின்டன் மாளிகை. இந்தியாவிலிருந்து, குறிப்பாகப் புனேயிலிருந்து, விடுமுறைக்குப் போன ராணுவ அதிகாரிகள் 1873ல் அங்கே ஆடிக்காட்டியதால் அந்தப் பெயர் வந்தது என்பது பிரபலமான கதை. ஆனால் லண்டன் பொம்மை வியாபாரி ஐஸக் ஸ்ப்ராட் 1860லேயே பேட்மின்டன் பேட்டில்டோர் என்ற பெயரில் ஒரு துண்டுப்பிரசுரம் போட்டுவிட்டார். எனவே 1873 என்பது பெயர் பிறந்த ஆண்டாக இருக்க முடியாது. புனேயின் பங்கைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. புனே பாசறைகளில் அந்த ஆட்டம் மும்முரமாக நடந்தது. ஊர்ப் பெயராலேயே பூனா என்று அதை அழைத்ததும் உண்டு. 1893ல் இங்கிலாந்தில் பேட்மின்டன் சங்கம் அமைந்தது. விதிகள் கெட்டிப்பட்டன.

வலையோடு வந்த மாற்றம் விதிகளில் மட்டும் அல்ல. முன்பு எதிரே நிற்பவர் எடுக்கும்படி அடிக்க வேண்டும். இப்போது எடுக்க முடியாதபடி அடிக்க வேண்டும். கருவி அதே கருவி. ஆட்டத்தின் நோக்கம் தலைகீழாகிவிட்டது. போய்வருவது என்ற பெயரோடு இருக்கும் ஒன்றைப் போய்த் திரும்பாமல் செய்வதே திறமை என்றாயிற்று. 2023ல் ஆந்திரத்து ஆட்டக்காரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஓர் அடி மணிக்கு 565 கிலோமீட்டர் வேகம் என்று கின்னஸ் பதிவாயிற்று. மட்டையை விட்டுக் கிளம்பும் கணத்தின் வேகம் அது. இறகுகள் காற்றைப் பிடித்து நிறுத்துவதால் அடுத்த கணங்களிலேயே வேகம் சரிந்துவிடும். அந்த ஒரு கணத்தில் தறியின் நாடா மறைந்து பழைய அம்பு வெளியே வருகிறது.

தெற்கே வந்தபோது ஆட்டத்துக்கு இன்னொரு சங்கடம் ஏற்பட்டது. திறந்தவெளியில் காற்று அடித்தால் இறகு நிற்காது. கம்பளி நூலைச் சுற்றிச் செய்த சிறிய பந்து அந்த இடத்தைப் பிடித்தது. 1856ல் தஞ்சாவூர் அரச குடும்பத்தார் இதை ஆடினார்கள் என்று திரும்பத் திரும்ப அச்சாகிறது. நான் பார்த்த எந்த இடத்திலும் ஆதாரம் சேர்ந்து அச்சாகவில்லை. தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார்; கம்பெனி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. 1856 என்பது அரண்மனை இருந்து அரசு இல்லாத ஆண்டு. ஆடியிருக்கலாம். ஆனால் அரச விளையாட்டு என்ற பெருமைக்காக அந்த ஆண்டைச் சொல்கிறவர்கள் அந்த ஆண்டில் அங்கே என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

எப்படியானாலும், கம்பளிப் பந்து ஆட்டம் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் வேரூன்றியது. 1954ல் அதற்கு அகில இந்தியச் சம்மேளனம் வந்தது. நம் சிற்றூர்களில் வெகுகாலம் பேட்மின்டன் என்றாலே அதுதான். பூப்பந்து என்ற அழகான பெயர் அதற்கு அமைந்தது. உண்மையில் அது பந்துதான் என்பதால் பெயரில் பிசகு இல்லை. இறகு வைத்த ஆட்டம் நகரங்களின் கிளப்புகளிலிருந்து பிறகு பரவியபோது இதிலிருந்து பிரித்துச் சொல்லவேண்டி வந்தது. அதனால் ஷட்டில் பேட்மின்டன் என்றார்கள். அது சுருங்கி ஷட்டில் ஆயிற்று. ‘சாயந்தரம் ஷட்டில் ஆடப்போறேன்’ என்கிறோம். கருவியின் பெயரில் தலைப்பகுதி ஆட்டத்துக்குப் போய்விட்டது. எஞ்சிய வால்பகுதி கார்க் என்று அர்த்தம் பெற்றுக் கருவிக்கு நின்றது. ஒரே ஆங்கிலச் சொல்லை இரண்டாக்கி ஆளுக்கொரு வேலை கொடுத்துவிட்டார்கள். இதை எந்தக் கலைச்சொல் குழுவும் கூடித் தீர்மானிக்கவில்லை.

6

மற்ற மொழிகள் என்ன பார்த்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். ஜெர்மன், டேனிஷ், சீனம் ஆகிய மூன்றும் நம்மைப் போலவே இறகு, பந்து என்று பார்த்தன. தாய்லாந்தில் கோழியிறகுப் பந்து. ஜப்பானியர் புத்தாண்டில் ஆடும் பழைய ஆட்டத்தில் அதற்கு ‘ஹானே’, வெறும் இறகு. அங்கேயும் வலை கிடையாது. இந்தோனேஷியர் கருவிக்குச் சேவலின் ஆங்கில ஒலியை மட்டும் எடுத்துக் ‘கொக்’ என்று வைத்துக்கொண்டார்கள். ஆனால் ஆட்டத்துக்கு மலாய் மொழியினரும் அவர்களும் வைத்த ‘புலு தங்கிஸ்’ என்ற பெயர் கவனிக்கத் தக்கது. புலு, இறகு. தங்கிஸ், வருவதைத் தடுத்துத் திருப்புதல். நான் அறிந்த பெயர்களில் எதிரே நிற்கும் மனிதனின் செயல் இடம்பெறுவது இதில்தான்.

மராத்தியில் ஷட்டில்காக்குக்குப் ‘பூல்’ என்று பெயர். பூ. மராத்திப் பத்திரிகைகள் பெரிய ஆட்டக்காரிகளைப் பூராணி என்ற அர்த்தத்தில் ‘பூல்ராணி’ என்று எழுதும். தஞ்சை மராட்டியரையும் இந்தப் பூவையும் பூப்பந்தையும் இணைத்து ஒரு கோட்பாடு கட்டலாம் என்ற ஆசை யாருக்கும் எழும். எழும்போதே அடக்கிக்கொள்வது நல்லது. பூவால் ஆன பந்து தமிழுக்குப் புதிதல்ல, கடன் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. மலேசியத் தமிழர்கள் இறகு ஆட்டத்தையே பூப்பந்து என்கிறார்கள். ஒரே சொல் கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆட்டமும் அந்தப் பக்கம் வேறு ஆட்டமும் ஆகிவிட்டது.

ஹிந்தியில் ஷட்டில்காக் ‘சிடியா’, சிட்டுப் போன்ற சிறு பறவை. ஆங்கிலத்தில் சேவல் வெறும் ஒலியாகிச் செத்துவிட்ட பிறகு, வடநாட்டுச் சிறுவர்கள் அதற்கு உயிருள்ள பறவையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

தமிழில் இதற்கு வழியில்லை என்று சொல்ல முடியாது. கிட்டிப்புள் ஆட்டத்தில் நீளக் கட்டையால் தட்டி எழுப்பி அடித்துப் பறக்கவிடும் சிறு கட்டைக்குப் பெயர் புள். பழந்தமிழில் புள் என்றால் பறவை. தெருவில் கிட்டி பிடித்த சிறுவன் அகராதியைப் பாராமல் ஒரு புள்ளை அடித்துப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தான். இறகு வைத்த, உண்மையாகவே பறக்கிற ஒரு பொருள் வந்து சேர்ந்தபோது, அதற்குப் பெயர் தேடியவர்கள் தெருப்பக்கம் திரும்பவில்லை. கையில் எடுத்து, எதனால் செய்தது என்று பார்த்து, பெயர் எழுதினார்கள்.

நம் கலைச்சொல்லாக்கத்தின் பொதுவான வியாதி இது. மூலப்பொருளைச் சொன்னால் பொருளைச் சொல்லியாயிற்று என்ற நினைப்பு. மிதிவண்டி என்ற சொல்லில் ஒரு கால் இருக்கிறது, அது மிதிக்கிறது. அதனால்தான் அந்தச் சொல் நின்றது. விண்வெளி ஓடத்தில் போக்குவரத்து இருக்கிறது. இறகுப்பந்தில் ஆளும் இல்லை, அசைவும் இல்லை. எழுத்தில் மட்டும் அது இருப்பதற்கும், ஆடுகளத்தில் ஷட்டில், கார்க் என்றே சொல்வதற்கும் ஆங்கில மோகம் காரணம் என்று சொல்வது சுலபம். அந்தச் சொல்லிடம் ஆடுகிறவனுக்குத் தேவையானது இல்லை என்பதே காரணம் என்று நான் நினைக்கிறேன். புதுச்சொல் ஒன்றை இங்கே முன்மொழியப் போவதில்லை. சொல் ஆடுகிறவர்களிடமிருந்துதான் வரவேண்டும், ஏற்கெனவே வந்தும் இருக்கிறது.

7

ஜான்ஸனிடம் ஒருமுறை திரும்பவேண்டும். அகராதி வந்து 18 வருஷத்துக்குப் பிறகு, 1773ல் பாஸ்வெல்லோடு ஸ்காட்லாந்தில் பயணம் செய்தபோது, ஒரு நூலுக்குப் பாராட்டு மட்டும் போதாது, தாக்குதலும் வேண்டும் என்பதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உவமை ஷட்டில்காக். பாஸ்வெல் 1785ல் வெளியிட்ட பயணக் குறிப்பில் இது இருக்கிறது. பாராட்டும் கண்டனமும் அறையின் இரண்டு கோடிகளில் நிற்கின்றன என்பதும், ஒரு கோடி ஓய்ந்தால் புகழ் தரைக்கு வந்துவிடும் என்பதும் அவர் கண்ட விஷயம். அவர் மனதில் இருந்தது வலை இல்லாத பழைய ஆட்டம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. பேட்மின்டனை நினைத்துப் படித்தால் உவமையே பிசகிவிடும். இந்த ஆட்டத்தில் கீழே விழவைத்தவன் புள்ளி பெறுகிறான். அந்த ஆட்டத்தில் கீழே விழவைத்தவன் ஆட்டத்தைக் கெடுத்தவன்.

நம்மிடையே நடக்கும் விமர்சனம் இந்த இரண்டில் எது? ஒரு கவிதைத் தொகுதி வருகிறது. ஒரு பக்கத்திலிருந்து நண்பர்கள் அடிக்கிறார்கள், எதிரே யாரும் இல்லை. பத்து நாளில் அது தரையில் கிடக்கிறது. அல்லது வேறு முகாமைச் சேர்ந்தவர் ஒருவர் வருகிறார். அவர் அடிக்கிற அடி திருப்பி எடுக்கப்படக் கூடாது என்ற ஒரே நோக்கத்தோடு அடிக்கப்படுகிறது. அதுவும் ஒரே அடியில் தரைக்கு வருகிறது. முதலாவது பாராட்டு, இரண்டாவது கண்டனம் என்று பிரித்துப் பேசுகிறோம். விளைவைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். எதிராளி எடுக்கும்படி, அதே சமயம் அவர் இடம்விட்டு நகர்ந்து எடுக்கும்படி அடிக்கிற விமர்சனம் நம்மிடம் மிகவும் குறைவு. கடுமை குறைய வேண்டும் என்பதல்ல என் வாதம். 2117 அடி அடித்தவர்கள் மெதுவாகவே தட்டிக்கொண்டிருந்திருக்க மாட்டார்கள். கை சோர்ந்தபோதும், தவறிய அடியை எட்டிப் பிடித்தபோதும் ஆட்டம் விடாமல் போயிருக்கிறது.

இதற்கு எதிராக ஒரு நியாயமான குரல் உண்டு. டிக்கன்ஸ் 1836லிருந்து 1837 வரை தொடராக எழுதிய பிக்விக் நாவலில் சாம் வெல்லர் என்ற வேலைக்காரன் வழியாக அது வருகிறது. இரண்டு வக்கீல்களுக்கு நடுவே அகப்பட்ட கட்சிக்காரனின் நிலையில் நின்று அவன் இந்த ஆட்டத்தைப் பார்க்கிறான். மட்டை பிடித்தவர்களுக்கு அது நல்ல ஆட்டம். அடிபடுகிறதைக் கேட்டால் தெரியும் என்பது அவன் பக்கம். படைப்பாளியும் இதைச் சொல்லலாம், சொல்லவும் செய்கிறார்கள். என் பதில், அடிபடுவது படைப்பு, படைப்பாளி அல்ல என்பதுதான். தன்னையும் தன் நூலையும் பிரித்துப் பார்க்கப் பழகாதவருக்கு ஒவ்வொரு அடியும் தன் உடம்பில் விழும். அதற்கு ஆட்டத்தைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

தமிழில் ஷட்டில் என்ற சொல்லை வாங்கிக்கொண்டோம். அதற்குள் இருந்த தறி நமக்குத் தெரியாமலே சேர்ந்து வந்திருக்கிறது. அடுத்த இதழில் யாராவது இந்தக் கட்டுரையை மறுத்து எழுதினால் நல்லது. கிட்டிப்புள் பற்றி நான் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அங்கேதான் என் வாதம் மறுப்புக்கு அதிகமாக இடம் தருகிறது.